குலுக்கல் சீட்டும் காணிக்கைத் தட்டும்

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டிக் குமணன்சாவடியில் நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

“கிறிஸ்தவ ஊழியங்களுக்குக் குலுக்கல் சீட்டு விற்று நிதி திரட்டலாமா?” என்பது எனக்கு அளிக்கப்பட்டுள்ள தலைப்பு. வெள்ளி விழாவில் பேசுவதற்கு வேறு பொருள் கிடைக்கவில்லையா என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் இது மேடைக்காகத் தேடி எடுத்த தலைப்பன்று. நம் சங்கம் நடத்தும் மாலை வகுப்புகளுக்கு மேலும் ஓர் அறை வேண்டியிருக்கிறது. நம்முள் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடி வழிபடும் ஆலயமும் ஊழிய நிதி தேடிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து ஒரு பரிசுக் குலுக்கல் நடத்தினால் ஒரே மாதத்தில் பணம் சேர்ந்துவிடும் என்று இளைஞர் சிலர் கூறினர். அது தகாது என்று மூத்தோர் மறுத்தனர். ஏன் தகாது என்று கேட்டதற்கு, “அது பாவம்” என்பதற்கு மேல் விடை வரவில்லை. அந்த விடை இளைஞர்களுக்குப் போதவில்லை. அதில் வியப்பும் இல்லை. ஆதலால் இரு தரப்பு நியாயங்களையும் எடுத்துவைத்து, பிறகு என் கருத்தைச் சொல்லுகிறேன். என் கருத்து மறுப்பின் பக்கம் நிற்பது. ஆனால் அதற்கு நான் சொல்லும் காரணம் சற்று வேறானது.

குமணன்சாவடி என்று உச்சரிக்கும்போதெல்லாம், ஊர்ப்பெயரின் வரலாறு எதுவாயினும், புறநானூற்றுக் குமணனின் நினைவு வாராமற் போகாது. நாட்டைத் தம்பியிடம் இழந்து காட்டில் மறைந்திருந்த அவ்வள்ளல், தன் தலைக்குத் தம்பி விலை வைத்திருப்பதை அறிந்தும், நாடி வந்த புலவர் பெருந்தலைச் சாத்தனாரின் வறுமையைப் போக்கத் தன் வாளையே எடுத்துக் கொடுத்தான். கொடுத்தல் என்பதற்குத் தமிழர் கண்ட எல்லை அது. பெறுவதை எண்ணாமல் கொடுப்பதே கொடை. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு குலுக்கல் சீட்டை நோக்குவோம்.

குலுக்கலின் மூன்று உறுப்புகள்

குலுக்கல் சீட்டில் மூன்று உறுப்புகள் உண்டு. சீட்டுக்கு ஒரு விலை. விலை கொடுத்தவர்க்கு ஒரு பரிசு பற்றிய எதிர்பார்ப்பு. அப்பரிசு யாருக்கு என்பதைத் தீர்மானிக்கும் தற்செயல். இம்மூன்றும் ஒருங்கே இருந்தால்தான் அது நாம் ஆராயும் பொருளாகும். விலையில்லாமல் சிறுவர்க்குச் சீட்டெழுதிப் போட்டு ஒருவருக்குப் பந்து கொடுத்தால், அங்கே எவரும் எதையும் இழக்கவில்லை. அறுப்பின் பண்டிகையில் ஏலம் எடுப்பவர், கொடுத்த பணத்துக்குப் பூசணிக்காயோ சேவலோ வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார். அங்கே தற்செயலுக்கு இடமில்லை. எனவே விளையாட்டுச் சீட்டையும் ஏலத்தையும் இவ்வழக்கில் இழுக்க வேண்டுவதில்லை.

இனிக் குலுக்கலை ஆதரிப்போரின் வாதங்களைக் கேட்போம். அவை எளிதில் தள்ளத்தக்கவை அல்ல.

முதலாவது, வேதாகமத்திலேயே சீட்டுப் போடுதல் உண்டு என்பர். யோசுவாவின் காலத்தில் இஸ்ரவேல் கோத்திரங்களுக்கு நிலம் சீட்டுப் போட்டே பங்கிடப்பட்டது. யூதாசின் இடத்துக்கு மத்தியா தெரிந்துகொள்ளப்பட்டதும் சீட்டினாலேயே. உண்மை. ஆனால் அங்கே சீட்டு வாங்க எவரும் காசு கொடுக்கவில்லை என்பதை நோக்குக. பங்கிடுவதற்கும் தெரிந்தெடுப்பதற்கும் சீட்டுப் பயன்பட்டது; பலரிடம் வாங்கி ஒருவரிடம் சேர்ப்பதற்குப் பயன்படவில்லை. ஒருவருடைய பொருளைத் தம்முள் ஒருவன் அடையச் சீட்டுப் போட்டவர்களும் வேதாகமத்தில் உண்டு. அவர்கள் சிலுவையின் அடியில் இருந்த போர்ச்சேவகர்கள். அங்கியின் சொந்தக்காரர் மேலே இரத்தம் சிந்திக்கொண்டிருக்க, கீழே அங்கிக்காகச் சீட்டு நடந்தது.

இரண்டாவது, திருச்சபைகளே இதில் ஒருமனப்படவில்லை என்பர். இதுவும் உண்மையே. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, சூதாட்ட விளையாட்டுகள் தம்மளவில் நீதிக்கு மாறானவை அல்ல என்கிறது; ஆனால் ஒருவர் தம் தேவைக்கும் தம்மைச் சார்ந்தோர் தேவைக்கும் வேண்டியதை அவை பறிக்கும்போது ஏற்கத்தகாதவை ஆகின்றன என்றும் வரம்பு கட்டுகிறது. மெதடிஸ்ட் மரபோ இதில் கண்டிப்பானது. ஜான் வெஸ்லி, அயலானுக்குக் கேடு செய்து பொருளீட்டலாகாது என்று போதித்தபோது, சூதால் அவனுடைய நிலத்தின் பலனை விழுங்குவதையும் அக்கேடுகளில் ஒன்றாக எண்ணினார். அந்த மரபு நமக்கு அயலானதன்று. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவள்ளூரை அடுத்த ஈக்காட்டில் தங்கி, நம் முன்னோரிடையே பள்ளியும் மருத்துவமும் நிலமும் என்று உழைத்த வில்லியம் கவுடி வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்தவர். 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அம்மரபும் அதில் கலந்தது. ஆயினும் பிரிட்டனின் மெதடிஸ்ட் சபையே 1990-களில் சிறு குலுக்கல்களுக்கு ஓரளவு இடங்கொடுத்தது. ஆகவே “சபை சொல்லிவிட்டது” என்னும் ஒரு சொல்லால் இவ்வழக்கை முடித்துவிட இயலாது.

மூன்றாவது, ஆலயங்களே லாட்டரியால் எழுந்திருக்கின்றன என்பர். கல்கத்தாவில் 1787-இல் கட்டி முடிக்கப்பட்ட தூய யோவான் ஆலயத்துக்கு லாட்டரி வழியே 30,000 ரூபாய் திரட்டப்பட்டது. அந்நகரின் டவுன் ஹாலும் லாட்டரிப் பணத்தில் எழுந்ததே. ஆனால் அது கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைநகர். உத்தியோகமும் வாணிகமும் கொழித்த ஊர். அங்கே செய்யப்பட்டதை நம் குடியிருப்பில் செய்தால் சீட்டு எவர் கைக்குப் போகும் என்பதே நம் கேள்வி.

நம் மாநிலம் கண்ட பாடம்

அக்கேள்விக்கு நம் மாநிலத்தின் வரலாறு விடை சொல்லுகிறது. 1967-இல் கேரள அரசு லாட்டரியைத் தொடங்கியது. 1968 ஜனவரி 26-இல் முதற்குலுக்கல் நடந்தது. சீட்டின் விலை ஒரு ரூபாய். முதற்பரிசு 50,000 ரூபாய். அதே 1968-இல் அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது தமிழ்நாட்டிலும் அரசுப் பரிசுச் சீட்டு வந்தது. பரிசு விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்னும் பொருள்பட அன்று அது விளம்பரப்படுத்தப்பட்டது. அந்த வாசகத்தில் தீய நோக்கம் எதுவும் இல்லை. பள்ளிக்கும் சாலைக்கும் மருத்துவமனைக்கும் பணம் வேண்டியிருந்தது; வரி என்றால் முகஞ்சுளிப்பவரும் பரிசு என்றால் மனமுவந்து தருவர் என்று கருதினர். இன்று நம் இளைஞர்கள் சொல்லுவதும் இதுவேயன்றோ?

பின்னர் நடந்ததை இங்குள்ள மூத்தோர் கண்ணால் கண்டவர்கள். பேருந்து நிறுத்தம் தோறும் சீட்டுக் கடைகள் தோன்றின. வெளிமாநிலச் சீட்டுகள் குவிந்தன. ஒற்றை எண் லாட்டரி என்னும் கொடுமை வந்தபோது, காலையில் வாங்கிய கூலி மாலைக்குள் கரைந்தது. கூலியுடன் அடுப்பும் அணைந்தது. இறுதியில் 2003 ஜனவரியில் தமிழக அரசு லாட்டரி விற்பனை முழுவதையும் தடைசெய்தது. தடைக்குப் பின்னரும் மூன்றெண் லாட்டரி மறைவாக நடமாடுகிறது. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் நகைத் தொழிலாளி ஒருவரும் அவர் மனைவியும் மூன்று பெண் குழந்தைகளும் நஞ்சினால் மாண்ட செய்தியை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அக்கடனுக்குப் பின்னே நின்றது அந்த மூன்றெண் சீட்டு. இன்று அதே ஆசை கைப்பேசியில் வந்து அமர்ந்திருக்கிறது. இணையச் சூதாட்டத்தைத் தடுக்க 2022-இல் மாநிலச் சட்டமும் 2025-இல் நடுவணரசின் சட்டமும் இயற்ற வேண்டியதாயிற்று.

“ஆலயத்துக் குலுக்கல் எங்கே, ஒற்றை எண் லாட்டரி எங்கே?” என்று கேட்பீர்கள். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வீடு அந்தக் காயத்தின் தழும்பு இருக்கும் ஓர் இடத்தில், வேதாகமத்தை ஏந்திய கையாலேயே சீட்டுப் புத்தகத்தையும் நீட்டினால், “இதுவரை தடுத்தவர்களே இப்போது விற்கிறார்கள்” என்றுதான் குடியை விட்டவனும் சீட்டை விட்டவனும் எண்ணுவர். விட்டவனை மீண்டும் தொடவைக்கும் பாவம் சிறியதன்று.

சட்டத்தையும் ஒரு சொல் சொல்லிவிடுகிறேன். 1998-ஆம் ஆண்டின் லாட்டரிகள் ஒழுங்குமுறைச் சட்டம், லாட்டரி நடத்தும் உரிமையை மாநில அரசுகளுக்கே அளிக்கிறது. அரசு நடத்தாத, அரசின் அனுமதியும் பெறாத லாட்டரிக்கென இடம் வைத்திருப்பது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 294அ பிரிவின்படி குற்றமாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 297-ஆம் பிரிவும் அதையே சொல்லுகிறது. ஆறு மாதம் வரை சிறைத்தண்டனைக்கு அதில் இடமுண்டு. நோக்கம் அறப்பணி என்பது ஒன்றே அனுமதிச் சீட்டாகிவிடாது. வசதியுள்ளோர் மன்றங்களில் இது வேடிக்கையாகக் கடந்து போகலாம். நம் இளைஞன் ஒருவன் மீது ஒரு வழக்குப் பதிவானால் என்னாகும்? காவலர் தேர்விலும் அரசுப் பணியிலும் நன்னடத்தைச் சான்று கேட்கும் நாளில் அவன் தலைகுனிந்து நிற்க நேரும். அவனைப் படிக்கவைப்பதற்காகத் தோன்றிய சங்கம் அவன் பிழைப்பிலேயே மண்ணைப் போடலாமா?

பத்து ரூபாய்

இப்போது என் வாழ்க்கையிலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். இத்தலைப்பு என்னிடம் வந்தது அதனாலேயே.

1980-களின் நடுவில், எனக்கு இருபது வயதிருக்கும். வேறோர் ஊரில் ஆலயக் கட்டட நிதிக்காகக் குலுக்கல் சீட்டு அச்சிட்டோம். சீட்டு இரண்டு ரூபாய். முதற்பரிசு ஒரு சைக்கிள். நான் சுறுசுறுப்பாக விற்றேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. எங்கள் தெருவில் சித்தாள் வேலைக்குச் செல்லும் அக்கா ஒருவர் இருந்தார். அவருடைய மகன் உயர்நிலைப் பள்ளிக்கு நாள்தோறும் நெடுந்தொலைவு நடந்து செல்வான். சைக்கிள் படம் போட்ட சீட்டை அவரிடம் நீட்டினேன். அவர் ஒன்று வாங்கவில்லை, ஐந்து வாங்கினார். அன்றைய கூலியில் பெரும்பகுதி அதற்கே போயிற்று.

குலுக்கல் நாளன்று சைக்கிள், இரண்டு புத்தகங்களை முழுதாக வாங்கியிருந்த ஒரு செல்வருக்கு விழுந்தது. அதில் சூழ்ச்சி எதுவுமில்லை. ஐம்பது சீட்டு வைத்திருப்பவருக்கு, ஐந்து வைத்திருப்பவரைக் காட்டிலும் பத்து மடங்கு வாய்ப்பு. தற்செயலுங்கூடப் பணமுள்ளவன் பக்கமே சாய்ந்து நிற்கும் என்பதை அன்றுதான் கண்டேன்.

மறுநாள் அந்த அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐந்து சீட்டையும் எடுத்துக் காட்டினார்.

“தம்பி, நம்ம நம்பர் வந்துச்சா?”

“இல்லீங்கக்கா.”

“அப்ப அந்தப் பத்து ரூபா?”

“கோயிலுக்குத்தானே அக்கா போச்சு.”

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “காணிக்கைன்னு கேட்டிருந்தா ரெண்டு ரூபா மனசாரக் குடுத்திருப்பேனே தம்பி” என்றார்.

அவர் கோபப்படவில்லை. ஆனால் அச்சொல் இன்றுவரை என்னை விட்டு அகலவில்லை. ஆலயம் கட்டி முடிந்தபோது நன்கொடையாளர் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டன. சைக்கிள் பெற்ற செல்வர் தனியாக நன்கொடையும் தந்திருந்தார். அவர் பெயர் அதில் இருந்தது. கூலியில் பத்து ரூபாய் இழந்த அக்காவின் பெயர் இல்லை. இருக்கவும் முடியாது. அவர் நன்கொடையாளர் அல்லர். பரிசு விழாத சீட்டுக்காரர்.

கேட்கும் உரிமை

இளைஞர்களே, நான் சொல்ல வந்த கருத்து இதுதான். குலுக்கல் சீட்டின் மீது என் பெருங்குறை, அது சூது என்பதோடு நிற்பதன்று. அது கொடுப்பவரைக் கொடையாளர் ஆக்காமல், தோற்றவராக்கி அனுப்பிவிடுகிறது. சீட்டு வாங்கினவர் பரிசைக் கேட்பார். காணிக்கை கொடுத்தவர் கணக்கைக் கேட்பார். பரிசு இல்லை என்றதும் சீட்டுக்காரரின் உரிமை முடிந்துபோகிறது. காணிக்கை கொடுத்தவரின் உரிமை அங்கிருந்துதான் தொடங்குகிறது. “நான் கொடுத்த பணத்தில் எத்தனை பிள்ளைகள் படித்தார்கள்? அறைக்குக் கதவு ஏன் இன்னும் வைக்கவில்லை?” என்று அவர் நிமிர்ந்து கேட்கலாம்.

இந்த உரிமை நமக்கு எளிதாகக் கிடைத்ததன்று. தலைமுறை தலைமுறையாக நம்மைக் கையேந்துவோராகவே இவ்வுலகம் வைத்திருந்தது. பிறர் பள்ளி கொடுத்தார்கள். பிறர் கோயில் கட்டினார்கள். கொடுத்தவரிடம் கணக்குக் கேட்க நமக்கு வாயில்லை. அதை மாற்ற நினைத்த நம் முன்னோர் சிறுகாசின் வலிமையை உணர்ந்திருந்தனர். 1907-இல் பண்டிதர் அயோத்திதாசர் தொடங்கிய வார இதழின் பெயரே “ஒரு பைசாத் தமிழன்”. ஏழையும் விலை கொடுத்து வாங்கக்கூடிய இதழ் அது. கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் உழைத்த நம் மக்கள் அதைப் படித்தனர்; தாங்கியும் நின்றனர். விலை ஒரு பைசாவே ஆயினும், கொடுத்தவனுக்கு அது தன் இதழ்.

திருச்சபையிலும் இத்தகைய எழுச்சி உண்டு. 1903-இல் வேதநாயகம் அசரியா முதலானோர் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தை நிறுவினர். 1905-இல் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் பிறந்தது. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பதே அவ்வியக்கத்தின் நெறி. வெளிநாட்டுப் பணம் நின்றால் ஊழியமும் நின்றுவிடும் என்ற நிலையை மாற்ற எளிய சபையார் கைகொடுத்தனர். சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைக்கும் பிடியரிசிக் காணிக்கையை நம் பாட்டிமார் பலர் அறிவர். மிசோரம் மாநிலத் திருச்சபையில் 1910-இல் தொடங்கிய அதே வழக்கம், ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் அங்கே ஊழியத்தைத் தாங்கி நிற்கிறது. அரிசிப் பானையின் முன் நிற்கும் பெண் எவருக்கும் பரிசு ஆசை காட்ட வேண்டியிருக்கவில்லை.

வேதாகமமும் இதையே காட்டுகிறது. ஆசரிப்புக் கூடாரத்துக்கு மக்கள் மனமுவந்து கொண்டுவந்தபோது, வேலைக்கு வேண்டியதற்கு மேல் சேர்ந்துவிட்டதென்று மோசே நிறுத்தச் சொல்ல வேண்டியதாயிற்று. மக்கெதோனியாச் சபையார் கொடிய தரித்திரத்திலும் தாமாகவே கொடுக்க முன்வந்தனர் என்று பவுல் எழுதுகிறார். காணிக்கைப் பெட்டியண்டையில் இயேசு உட்கார்ந்து பார்த்தபோது, அவர் கண்ணில் பட்டவள் இரண்டு காசு போட்ட ஏழை விதவை. அவள் கொடுத்ததை அவர் கணக்கிட்டார். பெயர் தெரியாத அவளை உலகறியச் செய்தார். அவளிடம் யாரேனும் ஒரு சீட்டை விற்றிருந்தால் அக்கதை நமக்குக் கிடைத்திருக்குமா?

நம்முள் பௌத்தம் தழுவிய குடும்பங்களும் குறளை நெறியாகக் கொண்டோரும் உள்ளனர். அவர்களுக்கும் இது அயலான செய்தியன்று. சிகாலன் என்னும் இல்லறத்தானுக்குப் புத்தர் அறிவுரைத்தபோது, செல்வம் அழியும் ஆறு வழிகளில் சூதையும் ஒன்றாக எண்ணினார். சூதுக்கெனத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர், தோல்வியை மட்டும் கண்டிக்கவில்லை. வெற்றியையும் மீன் விழுங்கிய தூண்டிலுக்கே ஒப்பிட்டார்.

கணக்குப் பார்ப்போம்

“நெறி நன்று, பணத்துக்கு வழி என்ன?” என்று கேட்பது நியாயமே. கணக்கையே பார்ப்போம். ஐம்பது ரூபாய் விலையில் 2,000 சீட்டு விற்றதாகக் கொள்வோம். வரவு 1,00,000 ரூபாய். பத்துப் பரிசுகளுக்கு 25,000 ரூபாய். அச்சுக்கும் விழாவுக்கும் 5,000 ரூபாய். எஞ்சுவது 70,000 ரூபாய். பத்துச் சீட்டுக்குப் பரிசு. 1,990 சீட்டுக்கு வெறுங்கை. ஐம்பது ரூபாய்ச் சீட்டு ஒன்றுக்குப் பரிசாகத் திரும்புவது சராசரியாகப் பன்னிரண்டரை ரூபாயே.

இன்னொரு கணக்கு. இருநூறு குடும்பங்கள் நாளொன்றுக்கு ஒரு ரூபாயை வீட்டு உண்டியலில் போடட்டும். ஓராண்டில் சேருவது 73,000 ரூபாய். பரிசுச் செலவில்லை, தோற்றவர் எவருமில்லை, சட்டத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. அடுத்த ஆண்டும் அவ்வுண்டியல் இருக்கும். குலுக்கலோ ஆண்டுதோறும் பெரிய பரிசைக் காட்டினாலன்றிச் செல்லாது. ஆம், ஒரு மாதத்தில் முடிவது ஓராண்டு ஆகும். அறை ஓராண்டு தாமதமாக எழட்டும். எழும்போது இருநூறு வீடுகளுக்குச் சொந்தமாக எழும்.

“வசதியுள்ளோரிடம் மட்டும் சீட்டு விற்கலாமே” என்றும் ஒரு யோசனை உண்டு. அவ்வாறாயின் அவர்களிடம் நன்கொடையே கேளுங்கள். சைக்கிளைப் பரிசாகத் தர முன்வரும் கடைக்காரர், அதை மாலை வகுப்புக்கு வரும் தாயில்லாப் பிள்ளைக்கே நேராகத் தரலாமே. “நம்மவரல்லாதவர் சீட்டு வாங்குவர், நன்கொடை தரமாட்டார்” என்பாரும் உளர். சிலர் தரமாட்டார் என்பது மெய்தான். ஆனால் சீட்டு விற்கப் போனவன் பரிசைப் பற்றியே பேசிவிட்டு வருவான். நன்கொடை கேட்கப் போனவன் பள்ளியைப் பற்றிப் பேசியாக வேண்டும். கதவு மூடப்பட்டாலும், இங்கே நம் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்னும் செய்தி அவ்வீட்டில் நுழைந்திருக்கும்.

எங்கோ பரிசு பெற்ற ஒருவர் அப்பணத்தைக் காணிக்கையாகக் கொண்டுவந்தால் வாங்கலாமா என்று ஒரு தம்பி கேட்டார். கொண்டுவந்தவரைப் பலர்முன் விசாரித்து நாணச்செய்வது நம் வேலையன்று. ஆயர் அவரிடம் தனிமையில் பேசட்டும். ஆனால் ஒருவர் இழந்ததைக் கொண்டு நாமே பரிசு நடத்துவது வேறு. யூதாஸ் எறிந்துவிட்டுப் போன வெள்ளிக்காசைக் கருவூலத்தில் சேர்க்கலாகாது என்று பிரதான ஆசாரியர்களுக்கே தோன்றிற்று. எந்தப் பணமும் எவ்வழியிலும் ஆலயத்துக்குள் நுழையலாம் என்று அவர்கள்கூட நினைக்கவில்லை.

நிறைவாக, ஆட்சிக்குழுவின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒன்று, விருப்பமுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் உண்டியல் கொடுங்கள். இரண்டு, ஒரு ரூபாயாயினும் ரசீது கொடுங்கள். மூன்று, ஆண்டுக்கொருமுறை வரவு செலவை அனைவர் முன்னிலையிலும் படித்து, சங்கத்தின் வாயிலில் ஒட்டிவையுங்கள். நான்கு, அறை எழும்போது கொடுத்தவர் பெயர்கள் அனைத்தையும் எழுதிவையுங்கள், தொகையை எழுதவேண்டாம். ஐயாயிரம் கொடுத்தவரும் ஐந்து ரூபாய் கொடுத்தவரும் அகர வரிசையில் அடுத்தடுத்து நிற்கட்டும்.

இளைஞர்களே, உங்கள் ஆர்வத்தை நான் குறைகூறவில்லை. இருபது வயதில் நானும் உங்களைப் போலவே சீட்டுப் புத்தகத்துடன் ஓடினேன். அதே கால்களோடு நீங்கள் உண்டியலுடன் ஓடுங்கள். அந்த அக்கா மனமாரக் கொடுத்திருப்பேன் என்ற இரண்டு ரூபாயை நான் வாங்கத் தவறினேன். உங்கள் தெருவில் அவரைப் போன்ற ஒருவர் இன்றும் இருப்பார். அவரிடம் பரிசைக் காட்டாதீர்கள். பள்ளியைக் காட்டிக் கேளுங்கள். அவர் தருவார். தந்தபின் கணக்கும் கேட்பார். கேட்கும்போது எழுந்து நின்று விடை சொல்லுங்கள்.